லத்தீனில் ஒரு கலப்புக் கலம்

லத்தீன் எழுத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. குறில் எது, நெடில் எது என்று அது காட்டாது. அகராதியும் பாடநூலும் நெடிலின் தலையில் ஒரு கோடு போட்டுத் தரும். மூலநூல் பதிப்புகளில் அந்தக் கோடும் இருக்காது. தமிழ் எழுத்தில் இந்தத் தொல்லையே இல்லை. அ-ஆ மட்டுமல்ல, எ-ஏ, ஒ-ஓ வேறுபாடும் நமக்குக் கண்ணிலேயே தெரியும். அதனால் கீழே வரும் லத்தீன் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். மெய்யெழுத்தில் தொடங்கும் சொல்லைப் பார்த்து இலக்கணக்காரர்கள் முகம் சுளிக்கலாம். அசைக் கணக்கு பிசகாமல் இருக்க வேறு வழியில்லை. 'த' வருமிடங்களில் 'பத்து' என்பதில் உள்ள த ஒலியைக் கொள்ளுங்கள்.

சொல் இதுதான்: க்ராதேர். கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கு வந்த பெயர்ச்சொல். எரிமலையின் வாயையும் நிலாவின் பள்ளத்தையும் இன்று ஆங்கிலம் (க்ரேட்டர்) உட்படப் பல மொழிகள் இந்தப் பெயரால்தான் அழைக்கின்றன. ஆனால் அடிப்படைப் பொருள் குழி அல்ல, பாத்திரம். திராட்சை மதுவில் தண்ணீர் கலக்கும் அண்டா.

கிரேக்கத்தில் 'கெரன்னூமி' என்றால் கலக்கிறேன். அதன் வேரோடு 'தேர்' என்ற விகுதி சேர்ந்தால், அந்தச் செயலைச் செய்யும் ஆளையோ கருவியையோ குறிக்கும். 'கலப்பி' என்று தமிழில் ஒரு சொல் கட்டினால் எப்படியோ அப்படி. அதே வேரிலிருந்து வந்த 'க்ராஸிஸ்' என்றால் கலப்பு. இரண்டு உயிரெழுத்துகள் சேர்ந்து ஒன்றாகும் புணர்ச்சிக்கும் கிரேக்க இலக்கணத்தில் அதுவே பெயர். இன்றைய கிரேக்கர் மதுவைச் சொல்லும் 'க்ராஸி'யும் அந்தக் கலப்பிலிருந்து பிறந்ததுதான். தமிழில் கலத்தலும் கலமும் ஒலியில் இப்படி ஒட்டி நிற்பது ஓர் அழகு. அதை வைத்து கிரேக்கத்துக்கும் தமிழுக்கும் முடிச்சுப் போடக் கிளம்ப வேண்டாம்.

கலக்காத மதுவைக் குடிப்பது நாகரிகமற்றவர் பழக்கம் என்பது கிரேக்கர் எண்ணம். மூன்று பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு மது என்று கிரேக்கக் கவிஞர் ஹெஸியோட் ஒரு கணக்குச் சொல்கிறார். விருந்துக்கூடத்தின் நடுவில் க்ராதேர் நிற்கும். அதில் கலந்ததை நீண்ட கைப்பிடி கொண்ட கரண்டியால் மொண்டு கோப்பையில் ஊற்றுவார்கள். கரண்டி உள்ளே போய்வர வேண்டும், கலக்க இடம் வேண்டும். அதனால்தான் வாய் அத்தனை அகலம். பின்னால் வந்த எல்லாப் பொருள்களும் இந்த அகன்ற வாயிலிருந்து கிளைத்தவையே.

அளவு தெரிய ஒன்றைப் பார்க்கலாம். பிரான்ஸின் பர்கண்டி பகுதியில் வீக்ஸ் என்ற ஊரில் 1953-ல் ஒரு கல்லறையைத் தோண்டியபோது வெண்கல க்ராதேர் ஒன்று கிடைத்தது. உயரம் 1.64 மீட்டர், எடை 208 கிலோ, கொள்ளளவு ஏறத்தாழ 1,100 லிட்டர். கி.மு. 6-ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. நம் கல்யாண மண்டபத்து அண்டாக்கள் அதன் பக்கத்தில் சொம்பு மாதிரி இருக்கும். லிடியாவின் அரசன் க்ரோய்ஸஸ் டெல்பி கோயிலுக்கு அனுப்பிய வெள்ளிக் க்ராதேர் 600 ஆம்போரா (சாடி) பிடிக்கும் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார்.

இனி வடிவங்கள். இந்தச் சொல் லத்தீனில் இரண்டு உருவத்தோடு உலவுகிறது. அகராதியில் இரண்டு தனித்தனிப் பதிவுகள் இருக்கும். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட்டால் பாதி இடங்களில் தடுக்கி விழ வேண்டியதுதான்.

முதலாவது ஆண்பால், மூன்றாம் வாய்பாடு (வாய்பாடு என்பது பெயர்ச்சொல் வேற்றுமை உருபுகளை ஏற்கும் முறை). ஒருமையில் எழுவாய் க்ராதேர். ஆறாம் வேற்றுமை க்ராதேரிஸ். நான்காம் வேற்றுமை க்ராதேரீ. இரண்டாம் வேற்றுமை க்ராதேரெம், அல்லது கிரேக்க முறையில் க்ராதேர. நீங்கல் வேற்றுமை க்ராதேரெ. பன்மையில் எழுவாய் க்ராதேரேஸ். ஆறாம் வேற்றுமை க்ராதேரும். நான்காவதும் நீங்கலும் க்ராதேரிபுஸ். இரண்டாம் வேற்றுமை க்ராதேரேஸ், கிரேக்க முறையில் க்ராதேரஸ்.

இரண்டாவது பெண்பால், முதல் வாய்பாடு. ஒருமையில் க்ராதேர, க்ராதேரை (ஆறாவதும் நான்காவதும்), க்ராதேரம், நீங்கலில் க்ராதேரா. பன்மையில் க்ராதேரை, க்ராதேராரும், க்ராதேரீஸ், க்ராதேராஸ். இங்கே 'ரை' என்பது நம் இரண்டாம் வேற்றுமை உருபு அல்ல, லத்தீன் ஈருயிர் ஒலி. தமிழ்க் கண்ணுக்கு இது ஒரு கண்ணி.

பெண்பால் எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் 'க்ராதேரைக் கொண்டு வா' என்று சொன்னால் அந்த இரண்டாம் வேற்றுமை வடிவம் 'க்ராதேர' என்று குறில் அகரத்தில் முடியும். பாத்திரத்தின் பெயர் பெரும்பாலும் இந்த வேற்றுமையில்தான் வாயில் வரும்: கொண்டு வா, நிரப்பு, கழுவு. கேட்டுக்கொண்டிருந்த லத்தீன்காரனுக்கு 'அ' என்ற முடிவு தன் மொழியின் பெண்பால் எழுவாய் போலக் கேட்டது. அதையே முழுச் சொல்லாக எடுத்துக்கொண்டு அதன்மேல் தன் உருபுகளைப் போட்டான். நாம் செய்யாததா? ஆங்கிலத்தின் பன்மை விகுதியையே சொல்லின் பகுதியாக்கி 'ஒரு சாக்ஸைக் காணோம்' என்கிறோம். 'ஒரு சிப்ஸ் எடுத்துக்கோ' என்று நீட்டுகிறோம். அதே வேலைதான். லத்தீனில் இதற்குத் துணைக்கு ஆள் உண்டு: 'ஸ்ததேர்' என்ற எடைச்சொல்லிலிருந்து தராசுக்கு 'ஸ்ததேர' வந்தது, சிறுத்தையினத்துக்கு 'பந்தேர'வும் இப்படி வந்ததே.

நம் இலக்கணச் சொல்லில் சொன்னால், ஆண்பால் வடிவம் தற்சமம், பெண்பால் வடிவம் தற்பவம். ஒன்று கிரேக்க ஏட்டைப் பார்த்து எழுதியது, மற்றது காதால் வாங்கியது. இந்த வேறுபாடு பிடிபட்டால், எந்த ஆசிரியரிடம் எந்த வடிவம் வரும் என்பதும் ஓரளவு பிடிபடும்.

ரோம வரலாற்றாசிரியர் லிவியைப் பாருங்கள். கி.மு. 396-ல் ரோமின் பகை நகரமான வெயி வீழ்ந்தபின், அப்பல்லோ தேவனுக்கு நேர்ந்துகொண்ட பத்தில் ஒரு பங்கைச் செலுத்த ரோமில் தங்கம் போதவில்லை. பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார்கள். அதில் செய்து டெல்பிக்கு அனுப்பியது 'க்ராதேரம் ஔரெஅம்', ஒரு தங்கக் க்ராதேர. இரண்டு சொல்லும் 'அம்' என்று பெண்பாலில் முடிகிறது, ஐயத்துக்கே இடமில்லை. (அந்தக் கப்பலை லிபாரி தீவுக் கொள்ளையர் மடக்கினார்கள். அவர்கள் தலைவன் திமாஸிதேயுஸ், காணிக்கை யாருக்கு என்று தெரிந்ததும் தானே துணைக்குப் போய் டெல்பியில் சேர்த்துவிட்டு, தூதர்களை ரோமுக்கும் பத்திரமாக அனுப்பி வைத்தான்.)

ரோமக் கவிஞர் ஹொரேஸிடம் 'க்ரேதேர்ர' என்று இன்னும் தேய்ந்த ஒரு வடிவம் உண்டு. முதலெழுத்தில் 'ரா' போய் 'ரே' வந்திருக்கும். சாப்பாட்டு நுணுக்கங்களைப் பேசும் ஓர் அங்கதக் கவிதையில் அது வருகிறது. எது விருந்தாளியின் வயிற்றைப் புரட்டும் என்று சொல்லும் இடம்: திருட்டுத்தனமாக எதையோ நக்கிய எண்ணெய்க் கையோடு பையன் கோப்பையைத் தொடுவது, பழைய க்ரேதேர்ரவின் அடியில் கெட்டியாக ஒட்டிக்கிடக்கும் வண்டல். மதுவின் கசடு நாள்பட்டால் பாறை போல இறுகிவிடும். தேய்த்துக் கழுவாத பாத்திரத்துக்கு, தேய்ந்த வடிவம் எத்தனை பொருத்தம்! காவியத்தின் பளபளப்பான க்ராதேர் அங்கே உட்காராது.

காவியக் கவிஞர்கள் ஆண்பாலையே பிடித்துக்கொண்டார்கள், அதிலும் கிரேக்க உருபோடு. மிடுக்குக்காக என்று உரைகாரர்கள் சொல்வதுண்டு. எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. மீதி யாப்பு.

லத்தீன் காவிய அடியில் ஆறு சீர். ஐந்தாம் சீர் பெரும்பாலும் ஒரு நெட்டசை, இரண்டு குற்றசை என்று வர வேண்டும். ஆறாம் சீர் ஈரசை. ரோமக் கவிஞர் வெர்ஜிலின் 'ஏனெய்ட்' காவியத்தின் மூன்றாம் நூலில், கதைநாயகனின் தந்தை அன்கைஸீஸ் பெரிய கலம் ஒன்றுக்கு மாலை சூட்டும் இடத்தில் அடி இப்படி முடிகிறது: 'மக்னும் க்ராதேர கொரோனா'. சீர் பிரித்தால் ஐந்தாவது தே-ர-கொ, ஆறாவது ரோ-னா. அங்கே லத்தீன் முறைப்படி 'க்ராதேரெம்' என்று போட்டால் என்ன ஆகும்? 'ரெம்' என்பதை அடுத்து 'கொ' வருவதால் மெய்யோடு மெய் சேர்ந்து அசை நெட்டசையாகிவிடும். தே-ரெம்-கொ. சீர் உடைந்தது. இன்னொரு ரோமக் கவிஞர் ஓவிட், பாவ்கிஸ்-ஃபிலேமோன் என்ற முதிய தம்பதியின் கதையில் 'ஹௌஸ்தும் க்ராதேர ரெப்லேரீ' என்கிறார்: மொள்ள மொள்ளக் கலம் தானே நிறைகிறது, நம் அமுதசுரபி போல. சீர் பிரித்துப் பாருங்கள்: தே-ர-ரெ, ப்லே-ரீ. அதே ஐந்தாம் சீர், அதே இடம். இந்தச் சொல்லின் 'தே' அந்த இடத்தில் ஆணி அடித்தது போல உட்காருகிறது. இரண்டாம் வேற்றுமையில் அதன் பின்னால் ஒரு குற்றசை தர கிரேக்க உருபால்தான் முடியும்.

பன்மையிலும் இதே தந்திரம். ஏனெய்டின் ஆறாம் நூலில், இறந்த வீரன் மிஸேனுஸின் சிதையில் எரிக்கும் பொருள்களைச் சொல்லும் அடி 'ஃபூஸோ க்ராதேரெஸ் ஒலீவோ' என்று முடியும்: ஒலிவ எண்ணெய் ஊற்றிய கலங்கள். லத்தீன் வாய்பாட்டின்படி எழுவாய்ப் பன்மை 'க்ராதேரேஸ்', நெடில். இங்கே அப்படிப் படித்தால் தே-ரே-ஸொ என்று சீர் சிதறும். கிரேக்கப் பன்மை குறில். 'க்ராதேரெஸ்' என்று படித்தால் தே-ரெ-ஸொ, லீ-வோ என்று சரியாக விழும். அச்சில் இரண்டும் ஒரே எழுத்து. கோடு போடாத பதிப்பை வாய்விட்டுப் படிக்கும் மாணவர் பெரும்பாலும் இடறுவது இங்கேதான்.

கிரேக்க உருபா, லத்தீன் உருபா என்ற சண்டை ரோமிலேயே பழையது. நாடகக் கவிஞர் அக்கியுஸ் 'ஹெக்தோரெம்' என்பதை விட்டு 'ஹெக்தோர' என்றே எழுத ஆசைப்பட்டார் என்று ஒருவர் கிண்டல் செய்ததை ரோம அறிஞர் வர்ரோ பதிவு செய்திருக்கிறார். பின்னால் வந்த பேச்சுக்கலை ஆசிரியர் குவிந்திலியன், முடிந்தவரை லத்தீன் உருபே போதும் என்ற கட்சி. உரைநடை எழுதிப் பழகுபவர்களுக்கு என் யோசனையும் அதுவே: க்ராதேரெம் என்று எழுதுங்கள். க்ராதேர-வைக் கவிதைக்கு விட்டுவிடுங்கள்.

படிக்கும்போது எங்கே தவறு நேரும்? முதல் தவறு ஒப்புமையில் வருவது. பதெர்-பத்ரிஸ், மாதெர்-மாத்ரிஸ், ஃப்ராதெர்-ஃப்ராத்ரிஸ் என்று தந்தை, தாய், உடன்பிறந்தானை மனப்பாடம் செய்த கையோடு 'க்ராத்ரிஸ்' என்று எழுதிவிடுவார்கள். அப்படி ஒரு வடிவமே இல்லை. லத்தீனில் சொல் இறுதி 'எர்' பெரும்பாலும் குறில். க்ராதேர், ஆஏர் (காற்று), ஐதேர் (மேல்வெளி) போன்ற கிரேக்க வரவுகளில் நெடில். இந்த மூன்றுக்குள்ளும் ஒரு பிரிவு உண்டு. ஆஏர் ஆறாம் வேற்றுமையில் 'ஆஎரிஸ்' என்று குறிலாகிவிடும்; ஐதேர் 'ஐதெரிஸ்' ஆகும். க்ராதேர் மட்டும் 'க்ராதேரிஸ்' என்று நெடிலை விடாது. கிரேக்கத்தில் அந்த வேற்றுமையிலும் அங்கே நெடில் எழுத்தே நிற்பதுதான் காரணம்.

அடுத்த பொறி, எழுத்தில் ஒன்றாகத் தெரியும் க்ராதேரிஸ், க்ராதேரீஸ். முன்னது 'ஒரு கலத்தினுடைய'. பின்னது பெண்பால் பன்மை, 'கலங்களுக்கு' அல்லது 'கலங்களால்'. 'க்ராதேர' என்று வந்தாலும் இதே குழப்பம்: ஆண்பாலின் செயப்படுபொருளா, பெண்பாலின் எழுவாயா, நீங்கலின் 'க்ராதேரா'வா? முதலில் அடைமொழியைப் பாருங்கள். 'மக்னும்' இருந்தால் ஆண்பால். ஏனெய்டின் முதல் நூலில் கார்த்தேஜ் அரசி டைடோவின் விருந்தில் வரும் 'க்ராதேரஸ் மக்னோஸ்' என்பதில் 'ரஸ்' குறிலா நெடிலா என்று யாப்பு சொல்லாது. பின்னால் ம வருவதால் எப்படியும் நெட்டசைதான். 'மக்னோஸ்' என்ற ஆண்பால் அடைமொழிதான் காட்டிக்கொடுக்கிறது. அடைமொழி இல்லையென்றால் யாப்பு. உரைநடையாக இருந்து இரண்டும் கைகொடுக்காவிட்டால், அந்த ஆசிரியர் வேறிடங்களில் எந்தப் பாலை எடுக்கிறார் என்று பார்ப்பது ஒன்றே வழி.

பொருள்களுக்கு வருவோம். கலத்திலிருந்து தொட்டிக்கு நகர்வது எளிது. ரோம எழுத்தாளர் இளைய பிளினி தன் டஸ்கனி மாளிகையைப் பற்றிய கடிதத்தில், ஓர் அறைக்குள் சிறு ஊற்று, ஊற்றில் ஒரு க்ராதேர், சுற்றிலும் சின்னக் குழாய்கள் சேர்ந்து இனிய சலசலப்பைக் 'கலக்கின்றன' என்கிறார். மது போய்த் தண்ணீர் மட்டும் மிஞ்சிய இடத்திலும் கலத்தல் என்ற வினை வந்து நிற்பது தற்செயலா, குறும்பா? குறும்பு என்றே நினைக்கிறேன்.

பிறகு விரிகுடா. நேப்பிள்ஸ் வளைகுடாவுக்கு க்ராதேர் என்று பெயர் இருந்ததைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ சொல்கிறார். ஒரு முனை மிஸேனும் முனை. மேலே எண்ணெய்க் கலங்களோடு எரிந்த மிஸேனுஸின் பெயரால் வழங்கும் அதே முனைதான். கரையில் வெஸுவியஸ் இருப்பதால் 'எரிமலை வாய்' என்ற பொருளில் வைத்த பெயர் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். தவறு. வட்டமாக வளைந்த கரையைப் பார்த்து வைத்த கிண்ணப் பெயர் அது. கி.பி. 79-ன் வெடிப்புக்கு முன்பே ஸ்ட்ராபோ எழுதியாயிற்று.

எரிமலைப் பொருளுக்கு நல்ல சாட்சி ரோமக் கவிஞர் லுக்ரேஷியஸ். சிசிலியின் எட்னா எரிமலை உச்சியில் க்ராதேர்கள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு, அது 'அவர்கள்' (கிரேக்கர்) இடும் பெயர், நாம் 'ஃபௌகேஸ்' என்றும் 'ஓர' என்றும் சொல்வோம் என்கிறார். தொண்டை, வாய். அதாவது அவர் காலத்தில் இது இன்னும் அயற்சொல்லாகவே ஒலித்திருக்கிறது, விளக்கம் தேவைப்பட்டிருக்கிறது. பின்னால் இயற்கை பற்றி எழுதிய மூத்த பிளினி வரும்போது விளக்கம் போய்விட்டது: எட்னாவின் க்ராதேர் சுற்றளவு 20 ஸ்தாதியம் என்று நேராகவே எழுதுகிறார், ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். தமிழ் இன்னும் லுக்ரேஷியஸ் பக்கம்தான். நமக்கு அது 'எரிமலை வாய்'.

வானத்திலும் ஒரு க்ராதேர் இருக்கிறது. அப்பல்லோ தண்ணீர் கொண்டுவரத் தங்கக் கலத்தைக் கொடுத்துக் காக்கையை அனுப்பினார். அது வழியில் அத்திப்பழம் பழுக்கும்வரை காத்துக் கிடந்துவிட்டு, ஒரு நீர்ப்பாம்பைத் தூக்கிவந்து பழியை அதன்மேல் போட்டது. மூன்றும் விண்மீன் கூட்டங்களாயின என்று ஓவிட் 'ஃபாஸ்தி'யில் பாடுகிறார். ஏப்ரல், மே மாதங்களில் இரவு ஒன்பது மணியளவில் தமிழ்நாட்டில் தெற்கே நிமிர்ந்து பார்த்தால் ஒரு கோணல் நாற்கரம் தெரியும். நம் அஸ்தம். அதுதான் அந்தக் காக்கை, கோர்வுஸ். அதற்கு மேற்கே மங்கலாக இருப்பது க்ராதேர். நகர வெளிச்சத்தில் எதிர்பார்க்க வேண்டாம். இரண்டையும் தாங்கி நீள்வது ஹீத்ர. பாம்பு முதல் வாய்பாடு, காக்கை இரண்டாம் வாய்பாடு, கலம் மூன்றாம் வாய்பாடு. லத்தீன் ஆசிரியருக்கு இதைவிட நல்ல கரும்பலகை கிடைக்காது.

விண்மீன் பெயரில் கிரேக்க எழுத்துக்குப் பின் கூட்டத்தின் பெயர் ஆறாம் வேற்றுமையில் வர வேண்டும். ஆல்ஃபா ஹீத்ரை, ஆல்ஃபா கோர்வீ, ஆல்ஃபா க்ராதேரிஸ். 'ஆல்ஃபா க்ராதேர்' என்று எழுதினால் பிழை. ஆல்ஃபா என்பதால் அதுவே மிகப் பிரகாசமானது என்று எண்ணுவதும் இங்கே பிழை. டெல்டா க்ராதேரிஸ் அதைவிடப் பளிச்சென்று இருக்கும்.

கோள்களின் நிலப்பெயர்களில் மலைக்கு மோன்ஸ், பள்ளத்தாக்குக்கு வல்லிஸ் என்று லத்தீன் வகைச்சொல் பெயரோடு ஒட்டி நிற்கும். ஒழுங்கற்ற எரிமலைவாய்க்குப் 'பதெர' என்பார்கள், வியாழனின் நிலாவான அயோவில் உள்ள லோகி பதெர போல. பதெர என்பது பூசையில் மது வார்க்கும் தட்டைக் கிண்ணம். கிரேக்க வரவல்ல, லத்தீனின் சொந்தச் சொல். ஆனால் க்ராதேருக்கு மட்டும் வகைச்சொல் ஒட்டுவதில்லை, பெயர் தனியாகவே நிற்கும். திருச்சியில் பிறந்த சி.வி. ராமனின் பெயர் கொண்ட நிலாப் பள்ளத்தை அதிகாரப்பூர்வப் பெயர்ப்பட்டியலில் தேடுபவர்கள் 'ராமன்' என்று மட்டும் இட வேண்டும். வரைபடத்தில் அதற்குப் பக்கத்தில் பெரிதாகத் தெரியும் பள்ளத்தின் பெயர் ஹெரோடோட்டஸ்.